நுழைவு வேறு, உழைப்பு வேறு

அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஜெர்மனியில் விசா தொல்லையே கிடையாது என்ற நம்பிக்கை அமெரிக்கர்களிடமும் உண்டு, வெளியிலிருந்து பார்க்கும் நம்மிடமும் உண்டு. இதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆளைச் சிக்க வைக்கிறது. ஜெர்மனியின் வதிவிட விதிகளில் 41ஆம் பிரிவு எட்டு நாட்டவருக்குத் தனிச் சலுகை தருகிறது: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, இஸ்ரேல், பிரிட்டன். இவர்கள் நீண்டகாலம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலும் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. உள்ளே வந்து, 90 நாட்களுக்குள் அங்கேயே வதிவிட அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் போதும். வேலைக்காகப் போகும் இந்தியரோ இலங்கையரோ விசா கையில் கிடைத்த பிறகுதான் விமானம் ஏற முடியும். ஆகவே சலுகை பெரியது, ஐயமில்லை. ஆனால் அது நுழைவதற்கும் தங்குவதற்கும் தந்த சலுகை. வேலை செய்யும் உரிமையை அது தரவில்லை.

நுழைவது, தங்குவது, உழைப்பது ஆகிய மூன்றையும் ஜெர்மன் சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் மற்ற தவறான நம்பிக்கைகள் எல்லாம் கிளைவிடுகின்றன. இதை விளங்கிக்கொள்ள ஓர் ஒப்பீடு போதும். பெங்களூரிலிருந்து வேலைக்கான தேசிய விசாவோடு வரும் பொறியாளரின் பாஸ்போர்ட்டிலேயே எந்த வேலைக்கு அனுமதி என்று எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கி, திங்கட்கிழமை காலையில் அவர் வேலையில் சேரலாம். அதே நிறுவனம் அதே வேலைக்கு எடுத்த அமெரிக்கர், விசா இல்லாமல் வந்தவர், அனுமதி கிடைக்கும்வரை ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகியிருப்பது அவருக்குக் கைகொடுக்காது. சம்பளம் தருவது அமெரிக்க நிறுவனம் என்பதும் அப்படித்தான். பெர்லினில் வீடெடுத்துத் தங்கி மடிக்கணினியில் செய்தாலும் அது ஜெர்மனியில் செய்யும் வேலையே. முன்னவர் தம் காத்திருப்பைச் சொந்த ஊரிலேயே, பழைய சம்பளத்தோடு முடித்துவிட்டு வந்தார். பின்னவர் அதே காத்திருப்பை, வருமானம் இல்லாமல், வாடகை கொடுத்துக்கொண்டு, புதிய ஊரில் கழிக்கிறார். அமெரிக்க பாஸ்போர்ட் காத்திருப்பை நீக்கவில்லை. காத்திருக்கும் ஊரை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

“விண்ணப்பித்துவிட்டால் ஒரு தற்காலிகச் சான்று தருவார்களே, அதை வைத்து வேலை செய்யலாமே” என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சான்றுக்கு ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். அனுமதி இருப்பதாகச் சட்டம் பாவித்துக்கொள்கிறது என்பதற்கான தாள் அது. ஆனால் பாவனை எதுவரை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு இரண்டு நிலைகளைச் சொல்கிறது. ஏற்கெனவே அனுமதி வைத்திருந்து அதைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவருக்குப் பழைய அனுமதியே, அதிலுள்ள வேலை உரிமையோடு சேர்த்து, முடிவு வரும்வரை தொடரும். விசா இல்லாமல் சட்டப்படி வந்து முதல்முறை விண்ணப்பித்தவருக்கோ தங்குவது மட்டுமே அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும். இல்லாத வேலை உரிமை எப்படித் தொடரும்? சான்றின் பெயர் ஒன்று, படிவமும் ஒன்று, எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறது என்பது மட்டும் வேறு. முதல்முறை விண்ணப்பித்தவர், புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் சக ஊழியர் வேலை பார்ப்பதைக் கண்டு தாமும் பார்க்கலாம் என்று நினைத்துவிடுவது இதனால்தான். சட்டம் பிற்பாடு சற்று இளகியிருக்கிறது: வேலைக்கான அனுமதி தர உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகம் முடிவெடுத்து, மின்னணு வதிவிட அட்டையை அச்சிடச் சொல்லிவிட்டால், அட்டை கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டியதில்லை, அந்த வேலையைத் தொடங்கலாம். அந்த உரிமையையும் சான்றில் எழுதித் தர வேண்டும்.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. வேலைவாய்ப்பு விதிகளின் 26ஆம் பிரிவு அமெரிக்கர் உள்ளிட்ட சில நாட்டவருக்கு, பட்டமோ தொழிற்பயிற்சிச் சான்றோ இல்லாவிட்டாலும், எந்த வேலைக்கும் அனுமதி தர இடமளிக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். மதிப்பு இருக்கிறது, இந்த வாய்ப்பு பெரும்பாலான நாட்டவருக்கு இல்லை. ஆனால் உடன் வரும் நிபந்தனைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். மத்திய வேலைவாய்ப்பு முகமை சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பார்ப்பதோடு நிற்காது. அந்த இடத்துக்கு ஜெர்மானியரோ ஐரோப்பிய ஒன்றியத்தவரோ முன்னுரிமையோடு கிடைப்பார்களா என்றும் பார்க்கும். அதற்குப் பிறகும் அனுமதி “தரலாம்” என்பதுதான் சட்டத்தின் சொல். இதற்கு மாறாக, அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ தொழிற்பயிற்சியோ உள்ள எந்த நாட்டவரும் நிபந்தனைகளை நிறைவேற்றினால், 2023 நவம்பரிலிருந்து அனுமதி அவருடைய உரிமை. அதிகாரியின் விருப்புரிமைக்கு அங்கே இடமில்லை. உயர்கல்விப் பட்டமுள்ளோருக்கு வேலைக்காகத் தரும் ஐரோப்பிய ஒன்றிய வதிவிட அனுமதியான நீல அட்டையும் அப்படித்தான்: பொதுவான தொழில்களுக்கான ஆண்டுச் சம்பள வரம்பைத் தொட்டால் (2025இல் அது 48,300 யூரோவாக இருந்தது), முகமையின் ஒப்புதலே தேவையில்லை. பாஸ்போர்ட் திறக்கும் வழியைவிடப் பட்டம் திறக்கும் வழி உறுதியானது என்பது இதிலிருந்து தெரிகிறது. பட்டமுள்ள அமெரிக்கர் பாஸ்போர்ட்டை நம்பி 26ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்தால், இருப்பதில் பலவீனமான வழியைத் தாமே தேர்ந்துகொள்கிறார்.

சுயதொழில் செய்பவர்களுக்கு 1954இல் கையெழுத்தான ஜெர்மன்–அமெரிக்க நட்புறவு, வணிக ஒப்பந்தம் துணை நிற்கிறது. 45 வயதைக் கடந்தவர் முதுமைக்கால வருமானத்துக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து அமெரிக்கருக்கு விலக்கு உண்டு. அதே விலக்குப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது என்பது யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் பலருக்கே புதிய செய்தியாக இருக்கலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் மாதக்கணக்கில் பதிலே வருவதில்லையே, அப்படியானால் எல்லாம் அதிகாரியின் மனம்போல நடப்பதுதானே என்ற கோபம் நியாயமான இடத்திலிருந்து வருகிறது. ஆனால் அது தவறான இடத்தில் போய் முட்டுகிறது. வதிவிடச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று; அதை நடத்துவது 500க்கும் மேற்பட்ட உள்ளூர் அலுவலகங்கள். ஆள்பலமும் கணினி வசதியும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. 2022க்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவும் இதே மேசைகளில்தான் குவிந்தது. ஒரே மாதிரியான கோப்பு ஓர் ஊரில் சில வாரங்களிலும் இன்னோர் ஊரில் அரை ஆண்டிலும் முடிவதற்குக் காரணம் இந்தச் சுமைதான், அதிகாரியின் மனநிலை அன்று. தாமதத்துக்கு மருந்தும் சட்டத்தில் இருக்கிறது: போதிய காரணமின்றி மூன்று மாதமாக முடிவு சொல்லாத அலுவலகத்தின் மீது நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனாலும் இங்கே ஒரு குறையை மறைக்க முடியாது. தாமதத்தின் போது விண்ணப்பதாரர் நாட்டில் தங்கும் உரிமையைச் சட்டம் காக்கிறது, அவருடைய சம்பளத்தைக் காக்கவில்லை. தவறு அலுவலகத்தின் பக்கம் இருக்கும்போதும் நட்டம் முழுவதும் வேலைக்கு வந்தவர் தலையிலேயே விழுகிறது. திருத்தப்பட வேண்டியது இதுதான்.

ஆங்கிலத்திலேயே எல்லாம் நடக்கும் என்ற எண்ணம் பற்றி ஒரு வரி: நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அலுவல் மொழி ஜெர்மன் என்கிறது. அதிகாரி ஆங்கிலத்தில் பேசினால் அது அவருடைய உதவி. வீட்டு முகவரிப் பதிவைப் பற்றியும் ஒரு தவறான கருத்து உலவுகிறது. வதிவிட அனுமதி வந்த பிறகுதான் பதிய வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், அதற்கு அனுமதி அட்டை தேவையில்லை, வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் தரும் படிவம் வேண்டும் என்பதே உண்மை. பதிந்த பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அங்கே அடுக்குமாடி வீடுகளில் தபால்காரர் பார்ப்பது கதவெண்ணை அன்று, தபால்பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை. ஆகவே முதல் நாளே பெயரை ஒட்டிவிட வேண்டும்.

கடைசியாக, அதிகம் பேர் தவறவிடும் ஒன்று. விசா தேவையில்லை என்றால் விசா கேட்கவே கூடாது என்று பொருளல்ல. 41ஆம் பிரிவு ஒரு விலக்கு. அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலையில் சேரும் தேதி முடிவாகிவிட்ட அமெரிக்கர், நியூயார்க்கிலோ சிகாகோவிலோ உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில், பெங்களூர்க்காரர் செய்வதைப் போலவே, புறப்படும் முன் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் 75 யூரோ. 2025 தொடக்கத்திலிருந்து இதை இணையவழியிலும் செய்யலாம். அந்த விசாவோடு இறங்குபவர் உள்ளூர் அலுவலகத்தில் அட்டைக்காகக் காத்திருந்தாலும், விசா செல்லுபடியாகும்போதே விண்ணப்பித்திருந்தால், 81ஆம் பிரிவில் முதலில் சொன்ன, வேலை உரிமை தொடரும் நிலைக்குள் வந்துவிடுகிறார். அவர் காத்திருக்கும் மாதங்களில் சம்பளமும் வந்துகொண்டிருக்கும்.