வாத்தியார் அதிகாரம் எதுவரை?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் எழுதுவது. எல்லாவற்றையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

1. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." சேர்க்கையன்றே ஏதாவது ஓர் அப்பா இதைச் சொல்வார். துறைமுகத்தில் சுமை தூக்கும் மனிதர், மகனாவது படிக்கட்டும் என்று சொல்கிற பேச்சு அது. அந்த நம்பிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள், அடிக்க அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஓர் அனுமதி தர அவருக்கே உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் பள்ளியில் அடிக்க இடம் தந்த விதி 2003-லேயே போய்விட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. இரண்டாவதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். காசிமேட்டுப் பிள்ளை பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்துவது, "உங்கப்பன் மாதிரி லாரி கிளீனராத்தான் போவே" என்பது, எல்லாம் அதில் சேரும்.

2. உங்கள் அதிகாரம் பாடம் நடக்கும் இடத்தின் மேல். ஒருவன் நாற்பது பேர் படிப்பைக் கெடுத்தால் இடம் மாற்றுங்கள், வேலை கொடுங்கள், பெற்றோரை வரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். அடிக்கக் கூடாது என்றதும், "நமக்கெதுக்கு வம்பு" என்று கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிரம்பெடுக்கிறவர் மேல் இருக்கும் கோபம் இவர்கள் மேலும் எனக்கு உண்டு.

3. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றுவிட்டால் எந்தப் பிள்ளையும் நேரத்துக்கு வர முடியாது. கேட்டைச் சாத்தி வெளியே நிறுத்தினால் அவன் நிற்பது அதே டிரெய்லர்கள் ஓடும் ரோட்டில். உள்ளே விட்டுவிட்டு விசாரியுங்கள். முதல் பீரியடில் தூங்குகிறவனையும் அப்படியே. விடியற்காலையில் அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போய் வந்திருப்பான்.

4. தலைமுடி விஷயத்தில்தான் ஆசிரியர் அறை இரண்டாகப் பிரியும். பக்கவாட்டில் வழித்து, மேலே கூடு கட்டி, நுனியில் செம்பட்டைச் சாயத்தோடு 'புள்ளிங்கோ' கட்டிங் வரும். விதியைச் சொல்லலாம், வீட்டில் பேசலாம், தெருமுனை சலூன்காரரிடம் ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம். கத்தரிக்கோலை மட்டும் நீங்கள் எடுக்கக் கூடாது. பிரேயரில் நிறுத்தி முடியை வெட்டுகிற வாத்தியாரை அவன் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டான். அந்த முடியால் பித்தாகரஸ் தேற்றம் மண்டையில் ஏறாமல் போனதாக நான் பார்த்ததுமில்லை.

கையில் கட்டும் கயிறு வேறு சங்கதி. சாதி காட்டும் நிறக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-ல் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் ஒருவனை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறும் மோதிரமும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. முடி அவனோடு போகிறது. கயிறு அடுத்தவனை மிரட்டக் கட்டுவது, அதனால் அங்கே உங்கள் சொல் நிற்க வேண்டும். நம் பக்கத்தில் கயிற்றைவிட ஏரியா கெத்து பெரிது. எந்தக் குப்பம், எந்த நகர் என்று பெஞ்ச் பிரியும். அகரவரிசையில் உட்கார வையுங்கள். முணுமுணுப்பார்கள், மாற்றாதீர்கள்.

5. பையைச் சோதிக்க வேண்டி வந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, இன்னோர் ஆசிரியரை வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் கண்ணில் படாமல் செய்யுங்கள். மாணவியின் பையை டீச்சர்தான் பார்க்க வேண்டும். போனை வாங்கி வைத்தால் சாயங்காலம் பெற்றோரிடம் கொடுங்கள். யாருக்கு என்ன அனுப்பினான் என்று திறந்து படிப்பது நம் வேலையில்லை. 'கூல் லிப்' புகையிலைப் பொட்டலம் கிடைத்தால் எந்தக் கடை என்று கேளுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 77-ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. பையனைப் பிடிக்கிற வேகத்தில் பாதியாவது கடைக்காரரிடம் காட்டலாம்.

6. 2012 பிப்ரவரி 9 அன்று, பாரிமுனை அர்மீனியன் தெருப் பள்ளி ஒன்றில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். படிப்பு சரியில்லை என்று அவர் வீட்டுக்கு எழுதியனுப்பிய குறிப்புகளால் வந்த ஆத்திரம் என்று செய்தி வந்தது. அந்த அம்மா மேல் குறை தேடுவது பாவம். எழுத வேண்டியது அவர் வேலை, உங்களுக்கும் அதுதான் வேலை. ஆனால் வீட்டுக்குப் போகும் குறிப்பை முதலில் பையனுக்கு வாசித்துக் காட்டுங்கள். இதைப் பார்த்தால் அப்பா என்ன செய்வார் என்று அவனையே கேளுங்கள். சில வீடுகளில் உங்கள் சிவப்பு மைக்குப் பதில் பெல்ட்டால் வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு எழுதாதீர்கள், வரவழைத்து நேரில் பேசுங்கள்.

7. மணி அடித்த பிறகு பஸ் படியில் தொங்குகிறான். பஸ் ரூட்டுக்கு ஒரு தலைவன் என்று மாணவர்கள் திரியும் 'ரூட்டு தல' கெத்து கல்லூரியில் முளைப்பதில்லை, பள்ளி நாளிலேயே இந்தப் படியில்தான் தொடங்குகிறது. 2023 நவம்பரில் கெருகம்பாக்கத்தில் ஒரு பெண்மணி பஸ்ஸை மறித்து, தொங்கிய மாணவர்களை இறக்கி அடித்தார். பலர் கைதட்டினார்கள், போலீஸ் அவரைக் கைது செய்தது. தெருவில் நமக்கும் அவ்வளவுதான் உரிமை. ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இரண்டு வாத்தியார்கள் சும்மா நின்றாலே போதும், பையன்கள் உள்ளே ஏறுவார்கள்.

8. சாப்பாட்டை நிறுத்தித் தண்டிக்காதீர்கள். ஒரு வேளைகூட.

9. "டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுத்துடுவேன்" என்று மிரட்டாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இருக்கிறது. அதற்குமேல் படிப்பவனை அனுப்பினாலும் அவன் எங்கே போவான் என்று உங்களுக்கே தெரியும்: விசைப்படகு, லாரி, இல்லையென்றால் மணலியில் கான்ட்ராக்ட் கூலி.

10. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், வாயை மூடிக்கொண்டிருக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. கை வைத்தவர் பக்கத்து நாற்காலியில் உட்காரும் சக ஆசிரியராக இருக்கலாம், பள்ளிப் பெயர் கெடும் என்று மேலிடம் தடுக்கலாம். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு போலீசுக்குச் சொல்லும் கடமையைத் தெரிந்துகொண்ட ஒவ்வொருவர் மேலும் வைக்கிறது, மறைத்தால் தண்டனையும் உண்டு. 1098, 14417 என்ற இரண்டு உதவி எண்களையும் பிள்ளைகள் பார்க்கும்படி வகுப்பறையில் எழுதி வையுங்கள்.