பசுவின் இரத்தம் உரைக்கும் செய்தி

கேள்வி: சினை ஊசி போட்ட பசு சினைப்பட்டதா என்பதை இரத்தத்தைப் பரிசோதித்தே அறியலாம் என்கிறார்களே, அது எவ்விதம்? (தோட்டத்து வாசகர், ஜாசின், மலாக்கா)

பதில்: அறியலாம். பசுவின் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிப்பட்ட இடத்தில் தோன்றும் மஞ்சள் நிறத் திசு, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்து கர்ப்பத்தைக் காக்கிறது. கர்ப்பம் தரிக்காவிடில் அத்திசு சுருங்கி, சுமார் 21 நாட்களில் பசு மீண்டும் பருவத்துக்கு வருகிறது. ஆகவே, ஊசி போட்ட 21 முதல் 24 நாட்களுக்குள் எடுத்த இரத்தத்திலோ பாலிலோ இந்த ஹார்மோன் குறைந்திருந்தால் சினையில்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகக் கூறலாம். மிகுந்திருந்தால் சினையாக இருக்கக்கூடும் என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

இரத்தத்திலுள்ள இத்தகைய ஹார்மோன்களின், ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அதிசூட்சும அளவைக் கணிக்கும் வழியை, கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனும் இரத்தத்திலுள்ள ஹார்மோனும் ஒரே எதிர்ப்பொருளுக்குப் போட்டியிடும் தத்துவத்தைக் கொண்டு, ரோசலின் யாலோ என்ற அம்மையார் சாலமன் பெர்சனுடன் 1950களில் கண்டார். 1977இல் நோபல் பரிசும் பெற்றார். அவருடன் பரிசைப் பகிர்ந்த கியேமன், ஷாலி ஆகியோரின் ஆய்வுக்குழுக்களோ, ஆடு, பன்றி ஆகியவற்றின் மூளைத் திசுவிலிருந்து, இனவிருத்தியை ஏவும் ஹார்மோனைப் பிரித்தெடுத்தன. உடலெங்கும் ஓடும் இரத்தத்தில் அது மிக அரிதாதலின் மூளைத் திசுவை நாடுவது அவசியமாயிற்று.

பால்மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தோட்டக் குடும்பங்களுக்கு, வீணாகும் ஒவ்வொரு பருவமும் நஷ்டமே. ஊசி போட்ட தேதியைத் தவறாது குறித்துவையுங்கள். சினையை உறுதிசெய்யக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.