வீடு கைமாறும்போது விற்பவர் சொல்ல வேண்டியவை, வாங்குபவர் பார்க்க வேண்டியவை

அரிசி மூட்டை வாங்கும்போது நாம் மூட்டையின் வாயை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை. குத்தூசியை நடுவில் செலுத்தி, மேலே உள்ளதும் உள்ளே உள்ளதும் ஒரே சரக்குதானா என்று பார்த்த பிறகே விலை பேசுகிறோம். ஆனால் பல ஆண்டு வியாபாரத்தில் சேர்த்த பணத்தைப் போட்டு வீடு வாங்கும்போது, புதிதாக வெள்ளையடித்த சுவரையும் ஒரு வில்லங்கச் சான்றையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். குடிவந்த பிறகு குறை தெரிகிறது. விற்றவரோ, "நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்கிறார். இந்தப் பதிலைச் சட்டம் ஏற்குமா? இதைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

1. சரக்குக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு வேறு நியாயம்

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு மோசடி எது என்பதைக் கூறுகிறது. அதில் ஓர் உதாரணம் உண்டு. குறையுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். குறையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். பேச வேண்டிய கடமை இருந்தால் ஒழிய, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்பது பொது விதி. நம்மில் பலர் இந்த விதியையே வீட்டுக்கும் பொருத்திப் பார்க்கிறோம். அது தவறு.

வீடு, மனை விற்பனையில் பேச வேண்டிய கடமையைச் சட்டமே விதித்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, சொத்திலோ தமது உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவருக்கு வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. இதற்கு மூன்று அம்சங்கள் சேர வேண்டும். குறை விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்குத் தெரியாதிருக்க வேண்டும். சாதாரண கவனத்துடன் பார்த்தாலும் அவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். அத்தகைய குறையைச் சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவின் இறுதியில் கூறப்பட்டுள்ளது.

ஆகவே கணக்கு இதுதான்: கண்ணால் காணக்கூடியதைப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு, காண முடியாததைச் சொல்வது விற்பவர் பொறுப்பு.

2. தண்டையார்பேட்டை தரும் பாடம்

2013-ஆம் ஆண்டு தண்டையார்பேட்டையில் சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து வந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவே இதற்குக் காரணம் எனத் தெரியவந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

இப்படிப்பட்ட தெருவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரில் விரிசல் இல்லை. பத்திரத்தில் பழுது இல்லை. வில்லங்கச் சான்றில் பதிவு இல்லை. தொட்டியில் லாரித் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டால், அரைமணி நேரம் வந்து பார்த்துப் போகிறவருக்கு எதுவும் தெரியாது. அந்த வீட்டில் பல ஆண்டு குடியிருந்தவருக்கோ எல்லாம் தெரியும். சட்டம் சொல்லும் மறைந்த குறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

3. நம் பகுதியில் கவனிக்க வேண்டியவை

தண்ணீர்: முன்பணம் கொடுப்பதற்கு முன், தொட்டி நீரை விட்டுவிட்டு, மோட்டாரை நமது முன்னிலையில் ஓடவிட்டு, கிணற்று நீரை நேரடியாகக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்க வேண்டும். ஓரிரவு வைத்தால் எண்ணெய்ப் படலமும் வாடையும் தெரியவரும். உப்பு உள்ளிட்ட மற்றவற்றுக்கு ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிப்பதே சரி.

வெள்ளம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளநீருடன் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர் வட்டாரத்தில் வீட்டுச் சுவர்களிலும் எண்ணெய்க் கறை படிந்தது. தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவர் சொல்லும். அந்த அடையாளத்தின் மேல் விற்பனைக்காகவே வண்ணம் பூசுவது வெறும் மௌனம் அல்ல, முனைந்து மறைப்பது. ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு அதையும் மோசடி வகையில் சேர்த்திருக்கிறது. அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம், "2015-லும் 2023-லும் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கூரை: ராயபுரத்தின் பழைய வீடுகளில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் உண்டு. கட்டையின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில்தான் ஈரமும் கரையானும் முதலில் சேரும். கான்கிரீட் வீடுகளில் கடற்காற்றின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, துரு உப்பி, காரை பெயர்ந்து விழும். கீழே அலங்காரப் பொய்க்கூரை அமைத்திருந்தால், ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில்.

கடலோரம்: துறைமுகம் கட்டப்பட்ட பின் அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டு வந்த கதை நாம் அறிந்ததே. 1991-லிருந்து கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் நடைமுறையில் உள்ளன. இருக்கிற வீட்டில் குடியிருக்கலாம். ஆனால் இடித்து மாடி எழுப்ப அனுமதி கிடைக்காமல் போகலாம். மேலே வீடும் கீழே கடையும் கட்டும் எண்ணத்துடன் வாங்குபவர் இதை முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.

4. காகிதத்தில் மறையும் குறைகள்

வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத கடன், வாரிசுகளின் பங்கு, நிலுவை வழக்கு ஆகியவை அதில் வராமல் போகலாம். மூலப் பத்திரத்தின் அசலைக் காட்டாமல் நகலையே காட்டுபவரிடம், அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று கேட்டே தீர வேண்டும். பத்திரப்பதிவு நடந்துவிட்டது என்பதாலேயே விற்றவருக்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது.

திருவொற்றியூர் போன்ற கோயில் நகரங்களில் மனை கோயிலுடையதா என்று பார்ப்பது அவசியம். கட்டடம் மட்டும் விற்பவருடையதாகவும், மனை வாடகைக்கு உரியதாகவும் இருக்கலாம். எண்ணெய்க் குழாய் செல்லும் நிலம் என்றால், 1962-ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்வழிச் சட்டப்படி உபயோக உரிமை எடுக்கப்பட்ட பகுதியில் கட்டடம் கட்டவோ, கிணறு தோண்டவோ, மரம் நடவோ கூடாது.

வீட்டின் முன்பகுதியில் வேறொருவர் கடை நடத்தினால், அவருக்கு என்ன உரிமை என்பதை வாங்குபவர் அறிந்ததாகவே சட்டம் கருதும். ஆகவே கடைக்காரரை நேரில் கண்டு ஒப்பந்தத்தையும் முன்பணத் தொகையையும் கேட்டறிய வேண்டும்.

5. வாங்குபவருக்கும் கடமை உண்டு

விற்பவரின் உரிமை அவர் நினைப்பதைவிடப் பெரியது என்று வாங்குபவருக்குத் தெரிந்து, அதனால் சொத்தின் மதிப்பு கணிசமாக உயரும் என்றால், அதை அவர் சொல்லியாக வேண்டும். இதுவும் 55-வது பிரிவுதான். விதவையான ஒரு அம்மாள் தமக்குக் கால் பங்குதான் என்று நம்பி விற்க முன்வருகிறார். பாதிப் பங்கு அவருடையது என்று பத்திரத்தைப் படித்தவர் அறிவார். வாய் மூடி வாங்கினால் அதுவும் மோசடியே. ஆனால் சந்தை விலை ஏறப்போகிறது என்ற வியாபாரக் கணிப்பைச் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

6. பின்னால் குறை தெரிந்தால்

உடனே பூசி மூடிவிட வேண்டாம். பொறியாளரின் எழுத்து மூலமான அறிக்கை, படங்கள், நீர்ச் சோதனை முடிவு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மோசடியின் பேரில் ஆவணத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே காலவரம்பு. "சாதாரண முயற்சியில் நீரே கண்டுபிடித்திருக்கலாமே" என்ற எதிர்வாதம் நிச்சயம் வரும். வாங்கும்முன் நாம் என்னென்ன பார்த்தோம் என்ற குறிப்பு அப்போது கைகொடுக்கும்.

கட்டுமான நிறுவனத்திடம் வாங்கும் புதிய அடுக்குமாடி வீடு என்றால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உதவும். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறையை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். தனி நபரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இந்த வசதி இல்லை.

7. விற்பவருக்கு நம் யோசனை

குறையைச் சொன்னால் விலை குறையும் என்ற அச்சம் இயல்பே. ஆனால் சொன்ன குறைக்கு விலையில் ஒருமுறை கழிவு கொடுத்தால் முடிந்தது. சொல்லாத குறை நீதிமன்றப் படி ஏற வைக்கும். தெரிந்தவற்றை எல்லாம் கிரய ஒப்பந்தத்திலேயே வரிசையாக எழுதி, "படித்துத் தெரிந்துகொண்டேன்" என்று வாங்குபவரின் கையொப்பம் பெறுவதே விற்பவருக்குப் பாதுகாப்பு. "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்ற ஒரு வரி, தெரிந்தே மறைத்தவரைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

எழுத வேண்டியவை: கிணற்று நீரின் நிலை, வெள்ளம் நின்ற ஆண்டும் உயரமும், தளத்தில் செய்த பழுதுபார்ப்பு, கடன், வழக்கு, வாரிசு விவரம், குடியிருப்போர் விவரம், அரசு, கோயில், குழாய் நிறுவனம் அனுப்பிய அறிவிப்புகள்.

கலப்படச் சரக்கை நல்லதென்று விற்றவரிடம் மறுபடி யாரும் கொள்முதல் செய்வதில்லை. வீட்டை விற்ற பிறகும் அதே கடைத்தெருவில்தான் நாம் வியாபாரம் செய்ய வேண்டியிருக்கிறது.