சிறு வளையமும் அதற்குரிய குறடும்

மாட்டு வண்டியை அறியாத விவசாயி நாஞ்சில் நாட்டில் இல்லை. வண்டிச் சக்கரம் அச்சிலிருந்து கழன்று விடாமல் காப்பது கடையாணி. அது சிறியது, விலையும் அற்பம். ஆயினும் அது விழுந்துவிட்டால் வண்டி குடை சாய்ந்துவிடும். இன்று பூதப்பாண்டி, தாழக்குடி, தெரிசனங்கோப்பு வயல்களில் உழவு செய்யும் பவர் டில்லரிலும் டிராக்டரிலும் இந்தக் கடையாணியின் வேலையைச் செய்வது ஒரு சிறு எஃகு வளையமே. பட்டறைக்காரர்கள் இதனைச் சர்க்கிளிப் என்பர்.

கும்பப்பூ நடவுக்கு முன் ஒரு நாள் நாம் கண்ட காட்சி இது. ஒரு விவசாயியின் டில்லர் தொளியிலேயே நின்றுவிட்டது. பழுது பார்த்தவர் தக்க குறடு இல்லாமையால் ஆணியையும் திருப்புளியையும் கொண்டு வளையத்தை நெம்பி எடுத்தார். வேலை முடிந்ததும் அதையே திரும்ப மாட்டினார். இரண்டாம் நாள் அவ்வளையம் தெறித்துப் போயிற்று. பல்சக்கரம் இடம் பெயர்ந்து, பற்கள் உடைந்தன. நடவாட்கள் காத்திருக்க, நாற்றங்காலில் நாற்று முதிர்ந்தது. கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையே கிடைக்கும் காலம் குறுகியது. அதில் ஒரு வாரம் வீணாவது விளைச்சலையே பாதிக்கும். ஆகவே இச்சிறு பொருளைப் பற்றி அறிந்து கொள்வது அவசியமாகின்றது.

வளையம் இருவகை

சர்க்கிளிப் என்பது வில் எஃகினால் ஆன, ஒருபுறம் வாய் திறந்த வளையம். வாயின் இருபுறமும் சிறு காதுகளும், காதுகளில் துளைகளும் இருக்கும். தண்டின் மேல் வெட்டப்பட்ட காடியில் வெளியிலிருந்து கவ்வுவது வெளி வளையம். இதை மாட்டவும் கழற்றவும் விரிக்க வேண்டும். துளையின் உட்சுவரில் உள்ள காடியில் விரிந்து நிற்பது உள் வளையம். இதைச் சுருக்க வேண்டும். வெளி வளையம் தண்டின் விட்டத்தாலும், உள் வளையம் துளையின் விட்டத்தாலும் அளவு சொல்லப்படும். உதாரணமாக, 6205 என்ற பேரிங்கின் உள் விட்டம் 25 மில்லிமீட்டர். வெளி விட்டம் 52 மில்லிமீட்டர். அதைத் தண்டில் நிறுத்த 25 எண் வெளி வளையமும், கூட்டில் நிறுத்த 52 எண் உள் வளையமும் கேட்டு வாங்க வேண்டும். கடைக்குச் செல்லும்போது பழைய வளையத்தையும் எடுத்துச் செல்வது நலம்.

குறட்டைத் தேர்ந்தெடுத்தல்

மூக்குக் குறடு ஒன்றே எல்லாவற்றிற்கும் போதும் என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. அது தவறு. உள் வளையக் குறட்டின் பிடியை அழுத்தினால் முனைகள் நெருங்கும். வெளி வளையக் குறட்டின் பிடியை அழுத்தினால் முனைகள் விலகும். கடையிலேயே கையில் பிடித்து அழுத்திப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். இருவகையிலும் நேர்முனை, வளைமுனை என இரண்டுண்டு. ஆழமான கூட்டிலும், கை நுழையாத மூலையிலும் வளைமுனையே உதவும்.

முனையின் பருமனும் முக்கியம். 10 முதல் 25 மில்லிமீட்டர் வரையுள்ள தண்டுகளுக்குச் சுமார் 1.3 மில்லிமீட்டர் முனையும், 19 முதல் 60 வரை சுமார் 1.8 மில்லிமீட்டர் முனையும் பொருந்தும். மெல்லிய முனை வளைந்து ஒடியும். பருத்த முனை துளைக்குள் செல்லாது. முனையை மாற்றி மாற்றிப் பூட்டும் மலிவுக் குறடுகள் எப்போதோ ஒருமுறை செய்யும் சிறு வேலைக்குத் தாங்கும். அன்றாடப் பட்டறை வேலைக்குத் தாங்கா.

செய்முறை

1. இயந்திரத்தை முற்றும் நிறுத்துக. மோட்டாராயின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

2. காடியிலுள்ள சேற்றையும் துருவையும் துடைத்து, மண்ணெண்ணெயோ டீசலோ இட்டுச் சுத்தம் செய்க.

3. கண்ணாடி அணிந்து கொள்க. வளையம் வில்லைப் போல் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். ஒரு துணியால் மறைத்துக் கொள்வதும் நன்று. முகத்தை நேரே நீட்டலாகாது.

4. முனைகளைத் துளைகளில் முழுதும் செலுத்தி, வளையம் காடியை விட்டு நீங்கும் அளவுக்கு மட்டுமே விரிக்கவும் அல்லது சுருக்கவும். மிகுதியாக விரித்த வளையம் பழைய நிலைக்குத் திரும்பாது. காடியில் தளர்ந்து நிற்கும்.

5. வளையத்தின் ஒரு விளிம்பு மழுங்கலாகவும் மறு விளிம்பு கூராகவும் இருக்கும். கூரான பக்கம், தாங்கப்படும் பொருளுக்கு அப்பால், காடியின் வெளிச் சுவரை நோக்கி இருக்கட்டும்.

6. மாட்டிய பின் வளையத்தைக் காடிக்குள் சுற்றிப் பார்க்கவும். சுற்றளவு முழுவதும் ஒரே சீராகப் படிந்திருத்தல் வேண்டும். வளைந்ததையும் தளர்ந்ததையும் மீண்டும் உபயோகிக்கலாகாது.

ஆயில் எஞ்சினின் பிஸ்டன் பின்னைக் காக்கும் வளையங்களில் தனிக் கவனம் தேவை. அது கழன்றால் பின் பக்கவாட்டில் நகர்ந்து லைனரைக் கீறிவிடும், எஞ்சினே பழுதாகும். சில எஞ்சின்களில் இது துளையற்ற கம்பி வளையமாக இருக்கும். அதற்கு மட்டும் மெல்லிய மூக்குக் குறடு பொருந்தும். பிஸ்டனைக் கழற்றும்போதெல்லாம் புது வளையம் இடுவதே முறை.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

ஒவ்வொரு விவசாயியும் நான்கு குறடுகள் வாங்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. உள், வெளி இரண்டிலும் நேர்முனை ஒன்று, வளைமுனை ஒன்று ஆக நான்கும், தம் பகுதி இயந்திரங்களுக்கு ஏற்ற வளையங்கள் அடங்கிய ஒரு பெட்டியும் கூட்டுறவுச் சங்கத்திலோ இயந்திர வாடகை மையத்திலோ வைத்திருந்தால் போதும். வாங்கிச் செல்பவர் பெயரைப் பதிவேட்டில் குறித்து வைத்தால் பொருளும் காணாமற்போகாது. குடிநீர் மோட்டாரைப் பராமரிக்கும் பணியாளருக்கும் இக்குறடுகள் பயன்படும். வளையங்களை வாங்கும்போது இந்தியத் தர நிர்ணயம் 3075க்கு ஏற்றவை தானா என்று கேட்டு வாங்குக.

பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வரும்போது உழவு இயந்திரமும் ஆயத்தமாக நிற்க வேண்டும். கடையாணியைச் சரிபார்த்த பின்னரே வண்டி பூட்டிய நம் முன்னோர் வழக்கத்தை, இயந்திரத்தை வயலில் இறக்குமுன் நாமும் கைக்கொள்வோமாக.