‘கிரானிக்’ என்றால் என்ன?



ஆஸ்பத்திரிச் சீட்டில் நோயின் பெயருக்கு முன்னால் ‘கிரானிக்’ என்று டாக்டர் எழுதுவதுண்டு. “ஐயையோ, கிரானிக்காம்! இனிமே பொழைக்கிறது கஷ்டம்தான்” என்று சிலர் பயந்து போகிறார்கள். “இது எத்தனை மாத்திரை தின்னாலும் போகாது” என்று வேறு சிலர் மருந்தையே நிறுத்தி விடுகிறார்கள். இரண்டும் தவறு. ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் உடம்புக்கே கேடு வரும்.

சொல்லின் பொருள்

கிரேக்க மொழியில் ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். அதிலிருந்து வந்ததே இந்த ஆங்கிலச் சொல். ‘நாள்பட்ட’, ‘நீடித்த’ என்பது இதன் பொருள். நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதை இது சொல்கிறது. எவ்வளவு கடுமையானது என்பதைச் சொல்லவில்லை.

இதற்கு எதிர்ச்சொல் ‘அக்யூட்’. அதாவது திடீரென்று வந்தது. நேற்று வந்த வயிற்றுப்போக்கு ‘அக்யூட்’. ஆனால் நீர்ச்சத்து வற்றினால் அது குழந்தையின் உயிரையே வாங்கிவிடும். பல வருஷமாக இருக்கும் படை ‘கிரானிக்’. அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. வித்தியாசம் புரிகிறதல்லவா?

எத்தனை நாள் கணக்கு?

இது நோய்க்கு நோய் மாறும். வலி 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி. பெரியவர்களுக்கு இருமல் 8 வாரத்துக்கு மேல் இருந்தால் நாள்பட்ட இருமல். அதற்காக, “எட்டு வாரம் ஆகட்டும், பார்ப்போம்” என்று இருந்துவிடாதீர்கள். 2 வாரம் இருமினாலே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோயாக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் இலவச மருந்து உண்டு. வழக்கமாக 6 மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆகவே நாள்பட்டதெல்லாம் தீராதது அல்ல.

இரத்த அழுத்தமும் நீரிழிவும் வேறு வகை. பெரும்பாலோருக்கு இவை முழுதும் போவதில்லை. ஆனால் கட்டுக்குள் நிற்கும். “இப்ப நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?” என்று கேட்காதீர்கள். மாத்திரை வயலுக்கு வரப்பு மாதிரி. வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்குமா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன.

தாய்மார்கள் கவனத்திற்கு

கர்ப்பத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் 20 வாரத்துக்குள்ளோ இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது பெரும்பாலும் நாள்பட்ட இரத்த அழுத்தமே. இதற்கான சில மாத்திரைகள் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. அதற்காக நீங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் மாத்திரையை மாற்றித் தருவார்.

அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருத்தடை மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சில வகை மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டும். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், கணவர் ஆணுறை உபயோகிக்கலாம். எது ஏற்றது என்று கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். கணவர்மாரே, நீங்களும் கூடவே போங்கள். இது இருவர் பொறுப்பு.

டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. இது முழுதும் தீருமா, கட்டுக்குள் வைக்க வேண்டியதா?
2. மருந்தை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?
3. மறுபடி எப்போது வர வேண்டும்?

பதிலைச் சீட்டின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாள்பட்ட நோய்க்கு நாள் தவறாத மருந்தே துணை.