குடும்பத்திற்கு ஆலோசகரை நாடும் முறை

உடல் நலியுமாயின் வைத்தியரிடம் செல்கிறோம். வழக்கு நேருமாயின் வக்கீலிடம் செல்கிறோம். ஒரு குடும்பமே நலிந்து போகுமாயின் எவரிடம் செல்வது? பெரும்பாலும் நாம் செல்வது தாய்மாமன் வீட்டிற்கு. அன்றேல் சங்கத்துப் பெரியவரிடத்திற்கு. அன்றேல் என்னைப் போன்ற உபதேசியிடத்திற்கு. இவர்களால் ஆவது சிறிதளவே என்பதை யான் பட்டறிந்தேன். அதனை மறையாது சொல்லித் தொடங்குதலே இப்பாடத்திற்குத் தக்க முறையாகும்.

பெங்களூரில் எங்கள் பேட்டையில் தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. தகப்பனார் என்னுடன் ஆலையில் நூற்புப் பிரிவில் உழைத்தவர். ஆலை மூடப்பட்ட பின்னர் இரவுக் காவல் வேலைக்குச் சென்றார். காலப்போக்கில் குடிக்கு ஆளானார். பதினான்கு வயதான மகன் பள்ளி செல்வதை நிறுத்திவிட்டான். தாயார் அவனை என்னிடம் அழைத்து வந்து, "அண்ணா, இவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுக்குக் கட்டுப்படுவான்" என்றார். யான் நாலு வார்த்தைக்கு நானூறு சொன்னேன். கல்வியின் பெருமை, சோம்பலின் கேடு, பெற்றோர் படும் பாடு யாவும் விரித்துரைத்தேன். பையன் தரையையே நோக்கியிருந்தான். மறுநாளும் பள்ளிக்குப் போகவில்லை.

பின்னர்த் தகப்பனாரை வரவழைத்தேன். பௌர்ணமியன்று பகவன் திருவுருவின் முன் ஐந்தாம் சீலத்தைச் சொல்ல வைத்து, இனித் தொடேன் என்று உறுதி பெற்றேன். அவர் தம் சொல்லைக் காத்தார். இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்புக் கண்டது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெடுங்காலம் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த நாட்களில் நடுக்கமும் மனக் குழப்பமும் இல்லாததைக் காணுதலும் வரலாம். உயிரே போவதும் உண்டு. ஆதலின் மருத்துவர் பார்வையில், மருந்தின் துணையோடு நிறுத்தல் வேண்டும். இதனை மருத்துவமனையில் அன்றிரவு பணியிலிருந்த ஓர் இளம் மருத்துவர் எனக்குச் சொன்னார். ஐம்பது வயது கடந்தும் இஃது அறியாமல் ஊருக்குச் சீலம் கொடுத்து வந்தேனே என்று வெட்கினேன்.

அம்மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். இவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது, வீட்டார் அனைவரும் வரவேண்டும் என்று ஒரு மனநல சமூகப் பணியாளரிடம் சீட்டெழுதி அனுப்பினார். குடும்ப சிகிச்சை என்னும் சொல்லை யான் முதன்முதல் கேட்டது அப்பொழுதுதான்.

அது யாதெனில், ஆலைத் தொழிலாளருக்கு எளிதில் விளங்கும். ரிங் பிரேமில் ஒரு கதிரில் நூல் அடிக்கடி அறுமானால், நல்ல மேஸ்திரி அந்த நூலைத் திட்டிக்கொண்டு நிற்பதில்லை. டிராவலர் தேய்ந்ததா, கதிர் நடுவில் நிற்கிறதா, மேலிருந்து வரும் ரோவிங் சீராயுள்ளதா, கூடத்தில் ஈரப்பதம் குறைந்ததா என்று பார்ப்பார். அறுந்தது நூல், காரணம் வேறிடத்தில் இருத்தல் கூடும். அவ்வாறே பள்ளிக்குப் போகாத பையன் அறுந்து காட்டும் நூல் மாத்திரமே. ஒருவர்க்கொருவர் எவ்வாறு பேசுகின்றனர், எதைப் பேசாது விடுகின்றனர், ஒருவர் செய்வது மற்றவரை எதற்குத் தூண்டுகிறது என்பதைக் குடும்பத்தோடு இருந்து ஆராய்ந்து, அப்போக்கை மாற்ற உதவுவதே இச்சிகிச்சை.

இது மேனாட்டுச் சரக்கென்று தள்ளுவாரும் உளர். அது சரியன்று. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பார், நோயாளிகளின் உறவினரை வளாகத்திற் கூடாரமடித்துத் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டார் தங்குவது வழக்கமாயிற்று. பெங்களூர் ஓசூர் சாலையில் 1974இல் அமைந்த நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குடும்பங்களுக்கெனவே தனிப்பிரிவு உண்டு.

இனி, நம் குடும்பத்தின் கதைக்கு வருவோம். அந்தப் பணியாளர் அம்மையார் முதல் நாள் எவருக்கும் புத்தி சொல்லவில்லை. ஒரு தாளில் மூன்று தலைமுறையின் உறவுப் படத்தை வரைந்தார். யார் இறந்தார், யார் பிரிந்தார், யார் குடித்தார் என்று கேட்டுக் குறித்தார். அதன் பின் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசினார். பையனிடம், "நீ பள்ளியில் இருக்கும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டாராம். அவன் அழுதுவிட்டான். தகப்பனார் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கி எழும் வேளையில்தான் தாயாரை அடிப்பது வழக்கம். தான் வீட்டிலிருந்தால் அடி விழாது என்று கண்டு, அவன் காவலிருந்தான். இதனையே யான் சோம்பல் என்று கருதி நானூறு வார்த்தை சொன்னேன்.

இதனால் ஒன்று அறியத்தக்கது. அடி உதை உள்ள வீட்டில் கணவனையும் மனைவியையும் எடுத்த எடுப்பில் ஒருங்கே அமர்த்திப் பேசச் செய்பவர் தேர்ந்த ஆலோசகர் ஆகார். கூடத்திற் சொன்ன சொல்லுக்கு வீட்டில் அடி விழும். முதலில் தனித்தனியே கேட்டு, பாதுகாப்பை உறுதி செய்து, அதன் பிறகே சேர்த்து அமர்த்துவர். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரை நாடலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் தொலைபேசி எண்கள் உண்டு. அவற்றை நாடுவது குடும்பத்தைக் காட்டிக் கொடுப்பதாகாது.

ஆலோசகரை எங்ஙனம் தேர்வது? பலகையைக் கண்டு நம்புதல் கூடாது. சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு ஆலோசகர் என்று அமர்வோர் மலிந்துள்ளனர். மனநல மருத்துவர் எனில் மருத்துவப் பட்டமும் அதற்குமேல் மனநல மருத்துவப் படிப்பும் உடையவர். மருத்துவக் கவுன்சில் பதிவெண் அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் எனில், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். மனநல சமூகப் பணியாளர் சமூகப் பணியில் முதுகலை பயின்று, மனநலத் துறையில் மேற்பயிற்சி பெற்றவர். குடும்பத்தோடு வேலை செய்தல் இவர்க்குச் சிறப்பாகவே கற்பிக்கப்படுகிறது. பதிவெண் யாதென்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. கேட்டதற்குச் சினப்பவரை விட்டு நீங்குக.

பட்டம் ஒன்றே போதாது. தனி ஆளுக்கு ஆலோசனை சொல்லத் தெரிந்தவர் பலர். ஒரே அறையில் ஐவரை அமர்த்தி, எவர் பக்கமும் சாயாது கேட்கத் தெரிந்தவர் சிலரே. ஆதலின், "குடும்பத்தை ஒருங்கே பார்ப்பதில் பயிற்சி உண்டா? எங்கே பெற்றீர்கள்? எத்தனை அமர்வு ஆகும்? கட்டணம் எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டுவிடுக. பெரும்பாலும் ஓர் அமர்வு ஒரு மணி நேரம் அல்லது சற்று மிகுதியாக இருக்கும். வாரம் ஒருமுறையோ இருவாரத்திற்கு ஒருமுறையோ நடைபெறும். ஒரே நாளில் தீர்த்து வைப்பேன் என்பவரிடமும், தாயத்து, பரிகாரம் என்று பேச்சைத் திருப்புபவரிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மொழி பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இது பெரிய காரியம். பையன் கன்னடத்தில் பேசுவான். தகப்பனார் இரண்டும் அறிவார். பாட்டிக்குத் தமிழ் தவிர வேறில்லை. ஆலோசகர்க்குத் தமிழ் தெரியாவிடின் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வர். இதற்கு ஒருகாலும் இசையாதீர்கள். தாய் பட்ட அடியைத் தன் வாயால் எடுத்துச் சொல்லும்படி பிள்ளையை நிறுத்துவது கொடுமை. பாட்டி சொன்னதை அவன் மாற்றிச் சொல்வதும் இயல்பு. தமிழறிந்தவரைக் கேளுங்கள், பெரிய அரசு மருத்துவமனைகளில் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பர்.

இன்னொன்று நம்மவர்க்குச் சொல்லவேண்டியது. நம் பிறப்பையோ, குடியிருக்கும் சேரியையோ, கைத்தொழிலையோ இழித்து, "உங்கள் ஆட்களில் இது வழக்கந்தானே" என்று ஓர் ஆலோசகர் சொல்வாராயின் எழுந்து வந்துவிடுங்கள். பட்டம் எவ்வளவு பெரிதாயினும் அவரால் நமக்கு ஆவதொன்றுமில்லை. இஃது இகழ்ச்சி, வினா அன்று. குலம் கடந்த மணம் காரணமாக வீட்டிற் பகை உண்டா என்று நோக்கமறிந்து வினவுதல் வேறு.

சொன்னது வெளியே போய்விடுமோ என்று அஞ்சுவோர் பலர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைச் செய்திகளை மறைவாய்க் காக்கக் கடமைப்படுத்துகிறது. உயிருக்கோ பிறர்க்கோ ஆபத்து நேருமிடம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை யாவையென்று முதல் நாளே கேட்டுத் தெளிக. உறவினரையும், கடன் கொடுத்தவரையும், ஒரே சங்கத்து அங்கத்தினரையும் ஆலோசகராகக் கொள்ளாமை நலம். என்னையும் இதிற் சேர்த்தே சொல்லுகிறேன்.

வழக்கு மன்றம் ஏறியவர்க்கு, 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர் உண்டு. அவர் நோக்குவது பெரும்பாலும் அவ்வழக்கின் இணக்கமே. நெடுநாட் சிகிச்சையை அவரிடம் எதிர்பார்த்தல் தகாது.

எங்கு தொடங்குவதென்று அறியாதவர்க்கு 14416 என்னும் எண் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இவ்வேற்பாட்டில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். வீட்டார் அனைவரும் வர மறுப்பின், வருகின்ற இருவராவது செல்க. ஒருவர் பேச்சு மாறினும் மற்றவர் போக்கு அசையும் என்று அவ்வம்மையார் எனக்குச் சொன்னார்.

அக்குடும்பம் எட்டு மாதம் சென்று வந்தது. தகப்பனார் மருந்தோடு குடியை நிறுத்தி, இடையில் ஒருமுறை தவறி, மீண்டும் சிகிச்சைக்குச் சென்றார். இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறியுள்ளார். பையன் ஒன்பதாம் வகுப்பில் மறுபடி சேர்ந்தான். திங்கட்கிழமைகளில் இன்னும் சில வேளை போவதில்லை. யான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, ஆலையில் நூல் அறுந்தால் எப்படி முடிவார்கள் என்று காட்டச் சொன்னான், காட்டினேன்.