கொழுந்துக் கணக்கும் கணினிக் கணக்கும்

இலங்கையின் திம்புள்ள தேயிலைப் பிரதேசத்துக்கு 'டிஜிட்டல்' இன்று தராசாகவும் கைபேசித் திரையாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே கதைகளும் வந்திருக்கின்றன. சில பயத்தில் பிறந்தவை, சில கருவி விற்கிறவர்கள் பரப்பியவை. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை என்று எங்கு போனாலும் கேட்கக்கூடிய சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: இரசாயனத் தொழில் என்றால் உரமும் பெயின்டும் செய்யும் இடம். தேயிலைத் தொழிற்சாலைக்கு அதில் என்ன வேலை?

மலைச்சரிவில் தகரக் கூரையோடு நிற்கும் ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையும் ஓர் இரசாயன ஆலைதான். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வரும் பச்சைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தொட்டியில் இரவு முழுக்கக் காற்று பட்டு, அதில் பெரும் பகுதி போகிறது. உருட்டும் இயந்திரத்தில் இலையின் உயிரணுக்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த கட்டெச்சின்களும் பொலிபீனோல் ஒக்சிடேஸ் என்ற நொதியும் அப்போதுதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றின் ஒட்சிசன் சேர, தேயாஃபிளேவின்களும் தேயாரூபிஜின்களும் உருவாகின்றன. சாயத்தின் பளிச்சென்ற நிறத்தையும் நாக்கில் படும் துடிப்பையும் பெரும்பாலும் தருவது தேயாஃபிளேவின். காய்ந்த தேயிலையில் அது 2 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அறை சூடேறினால், நேரம் கூடினால், அந்தச் சிறு பங்கும் வேறொன்றாக மாறிவிடும். கடைசியில் டிரையரின் சூடு நொதியைக் கொன்று ஈரத்தை 3 சதவீதமளவுக்கு இறக்குகிறது.

1960களில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் பணியாற்றிய ஜி.டபிள்யூ. சாண்டர்சன் இந்த நொதியைக் கொழுந்து நுனியிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தார். இரசாயன ஆலைகளில் வெப்பத்தையும் ஈரத்தையும் நேரத்தையும் ஏன் நிமிடத்துக்கு நிமிடம் பதிகிறார்கள் என்பது புரிந்தால், இங்கே ஏன் பதிய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

நம்பிக்கை: தரவு, கணிப்பு எல்லாம் நேற்று வந்த வெளிநாட்டுச் சரக்கு.

இந்த ஒரு நம்பிக்கையைத்தான் நான் மிகவும் வருந்திப் பார்க்கிறேன். நம் மலையிலேயே நடந்த ஒரு பெரிய காரியத்தை அது மறைத்துவிடுகிறது.

1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. இளங்கொழுந்தைத் தாக்கும் பூஞ்சை அது. நாம் பறிப்பதும் அதே கொழுந்தைத்தான் என்பதால் தோட்டங்கள் நடுங்கின. செப்பு மருந்தை நாள் குறித்து, மழையோ வெயிலோ பாராமல் அடிப்பதுதான் வழி என்றானது. ஆனால் அந்தப் பூஞ்சையின் வித்துகளுக்கு இலையில் ஈரம் வேண்டும், வெயில் அவற்றைக் கொன்றுவிடும். அப்படியென்றால் வெயில் மணிநேரத்தை எண்ணினால் நோய் வருமா வராதா என்று முன்கூட்டிச் சொல்லலாமே? விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் வெயிலும் மழையும் இந்நோயை எப்படி ஆட்டுவிக்கின்றன என்று ஆராய்ந்து 1961இல் வெளியிட்டார்கள். 1967இல் கெர், ரொட்ரிகோ இருவரும் நோயை முன்னறிவிக்கும் முறையை இன்னும் செப்பனிட்டார்கள்.

அந்தக் காலத்தில் வெயிலை அளந்த கருவி ஒரு கண்ணாடி உருண்டை. அதன் வழியே குவியும் ஒளி அட்டையில் ஒரு கோடாக எரிக்கும். கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில் மணிநேரம். கணினி இல்லை, இணையம் இல்லை. இருந்தும் அந்த எண்களைப் பார்த்து, இந்த வாரம் மருந்து வேண்டாம் என்று முடிவெடுக்க முடிந்தது. மருந்துச் செலவு மிச்சம். மருந்துக் கானைச் சுமந்து சரிவில் ஏறுகிறவரின் மூச்சுக்குள் போகும் நஞ்சும் மிச்சம். இன்று சென்சரும் செயலியும் செய்ய வேண்டிய வேலை இதுவே.

நம்பிக்கை: சென்சர் பொருத்திவிட்டால், தொழிற்சாலையில் தேயிலையின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் தேவையில்லை.

இந்தியாவில் சி-டாக் நிறுவனத்தின் கொல்கத்தா மையம் தேயிலைக்கென்று மின்னணு மூக்கு ஒன்றை உருவாக்கியது. புளிக்க வைக்கும்போது தேயிலையிலிருந்து எழும் ஆவிகளை வாயு சென்சர்கள் உணர்ந்து, ஒட்சியேற்றம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். கருவி நல்ல கருவி. ஆனால் அதற்கு 'இது நல்ல மணம்' என்று கற்பித்தது தேயிலைச் சுவைஞர்கள் இட்ட மதிப்பெண். அனுபவம் உள்ள மூக்கு எங்கே இல்லையோ, அங்கே இந்தக் கருவிக்குப் பாடம் சொல்ல ஆளில்லை. அதோடு, மடுவத்துக்கு முற்றிய இலை வந்து சேர்ந்தால் எந்தச் சென்சராலும் அதை இளங்கொழுந்தாக மாற்ற முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் குளிர்ந்த வறண்ட காற்றில் திம்புள்ளத் தேயிலைக்கு வரும் தனி மணம் செடியில் தொடங்குகிறது. தொழிற்சாலை அதைக் காப்பாற்றலாம் அல்லது கெடுக்கலாம்.

நம்பிக்கை: என்ன மருந்து அடித்தோம் என்பது மலையோடு போய்விடும். தேநீர்க் கோப்பையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கண்டுபிடிக்கிறார்கள். 2006 முதல் ஜப்பான், தனி வரம்பு குறிக்கப்படாத எந்த விவசாய இரசாயனத்துக்கும் 0.01 பிபிஎம் என்ற பொது வரம்பை வைத்திருக்கிறது. ஒரு தொன் தேயிலையில் 10 மில்லிகிராம். சிட்டிகை உப்பைவிடவும் குறைவு.

2015இல் அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது. புல் நிற்கவில்லை. அதை வெட்ட ஆள் போதவில்லை. வேறு களைக்கொல்லிகள் மலைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பானுக்குப் போன இலங்கைத் தேயிலையில் வரம்பை மீறித் தென்பட, ஏற்றுமதியாளர்கள் கலங்கிப்போனார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மறுபடி அனுமதிக்கப்பட்டது. ஒரு மருந்தை நிறுத்தினால் அந்த இடத்துக்கு எது வரும், அதன் எச்ச வரம்பு என்ன என்ற இரண்டு கேள்விகளைத் தடைக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

எந்த மலை, எந்த நாள், எந்த மருந்து, எவ்வளவு, அதற்குப் பிறகு எத்தனையாம் நாள் கொழுந்து பறிக்கப்பட்டது என்ற வரிசைதான் இந்தத் துறையின் உயிரான தரவு. அதை முதலில் அறிகிறவர் மருந்து அடிக்கும் தொழிலாளி. அலுவலகத்தில் மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பும் பதிவை எத்தனை விலையுயர்ந்த மென்பொருளில் ஏற்றினாலும் அது பொய்ப் பதிவாகவே இருக்கும்.

நம்பிக்கை: 2021இல் உரத்துக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அந்த மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது கையில் இருந்த எண்களே போதுமானவை. காய்ந்த தேயிலையில் ஏறக்குறைய 4 சதவீதம் நைதரசன். ஆக, 1,000 கிலோ தேயிலை தோட்டத்தை விட்டுப் போகும்போது 40 கிலோ நைதரசனும் மண்ணை விட்டுப் போகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால் அந்த இழப்பை மட்டும் ஈடுகட்ட 87 கிலோ போதும். 1 சதவீதம் நைதரசன் உள்ள கூட்டெரு என்றால் 4,000 கிலோ வேண்டும். அதை யார் தயாரிப்பது, எந்த லொறியில் ஏற்றுவது, அந்தச் சரிவில் யார் சுமப்பது? நவம்பரில் தடை நீங்கியது. 2021இல் 30 கோடி கிலோவுக்குச் சற்றுக் கீழே இருந்த நாட்டின் உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. உர விலையும் எரிபொருள் தட்டுப்பாடும் அந்த விழுகையில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் இந்தப் பெருக்கல் கணக்கு 1925இல் தொடங்கப்பட்ட ஓர் ஆராய்ச்சி நிறுவகம் உள்ள நாட்டில் எவருக்கும் எட்டாததாக இருந்திருக்க முடியாது. முடிவெடுக்கும் மேசைக்கு அது வரவில்லை என்பதே எனக்கு ஆறாத கோபம்.

நம்பிக்கை: நம்ம சனத்துக்கும் நம்ம வியாபாரத்துக்கும் டிஜிட்டல் ஒத்துவராது.

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் குரல் கொடுத்தே நடந்து வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்குக்குள் அது கணினிக்கு மாறியது, தேயிலை விலைபோனது.

நம்பிக்கை: டிஜிட்டல் தராசு வந்தால் நிறையில் ஏமாற்று இருக்காது.

அதே தராசைப் பற்றி 'அதுதான் ஏமாற்றுகிறது' என்று சொல்கிறவர்களும் உண்டு. தராசு நிறையைச் சொல்லும், அவ்வளவுதான். அதிலிருந்து தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கிலோ கழிப்பது என்பதை மனிதர்தான் தீர்மானிக்கிறார். அந்த எண்ணைத் திரையில் தட்டினாலும் தாளில் எழுதினாலும் கழிவு கழிவுதான்.

மழை நாளில் இலைமேல் தண்ணீர் இருப்பது உண்மை, கொஞ்சம் கழிப்பதில் நியாயமும் உண்டு. எவ்வளவு என்பதே கேள்வி. நாளுக்கு 2 கிலோ அதிகமாகக் கழிந்தால் 25 நாளில் 50 கிலோ. அன்றைய பேர் முழுப் பேரா (முழு நாள் சம்பளமா) அரைப் பேரா என்பதும், மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டா என்பதும் அதில் தங்கியிருக்கிறது.

இதைச் சரிபார்க்கும் வழி தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே போன பொருளும் வெளியே வந்த பொருளும் சமப்படுகின்றனவா என்று எந்த இரசாயன ஆலையும் கணக்குப் பார்க்கும். 100 கிலோ கொழுந்து ஏறக்குறைய 21, 22 கிலோ தேயிலையாகும். மலையில் தொழிலாளர் பெயரில் எழுதிய கிலோக்களின் கூட்டுத்தொகை, லொறி தொழிற்சாலையில் இறக்கிய நிறை, அன்று விளைந்த தேயிலை ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால், கழித்தது தண்ணீரையா உழைப்பையா என்பது தெரிந்துவிடும். இந்த எண்கள் தோட்ட அலுவலகத்தில் இப்போதே இருக்கின்றன. கொழுந்து நிறுத்த பெண்ணின் கையில் அவை இல்லை. தராசு வாங்கக் காசு இருக்கும் கம்பனிக்கு ஒரு சிட்டை அச்சடிப்பது பாரமில்லை. மொத்த நிறை, கழித்த நிறை, கழித்த காரணம் மூன்றும் தமிழில் அச்சிட்டு, நிறுத்த இடத்திலேயே, அவர் கூடையைத் தூக்குவதற்கு முன் அந்தச் சிட்டை கைக்கு வர வேண்டும். மாதக் கடைசியில் தொழிற்சாலையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையும் தோட்டத் தொழிற்சங்கத் தலைவருக்கு இருக்க வேண்டும்.